மட்டம் பார்த்தவர்

தேவிகுளத்துக்குக் கிழக்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, சொற்களைக் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. ஒரே சொல் ஒரு தொழிலில் ஒரு பொருளிலும் இன்னொரு தொழிலில் வேறு பொருளிலும் வழங்குவதைக் கேட்டால், அன்றைய நாளும் சொன்னவர் யார் என்பதும் சேர்த்து எழுதிவிடுவேன். அந்த நோட்டுகளில் அதிக இடம் பிடித்த சொல் 'மட்டம்'. கடையில் மட்டமான அரிசி. திங்கட்கிழமை வேலைக்கு மட்டம். தச்சனிடம் மூலைமட்டம். பழைய தொரைமார் மலையேறி வந்த குட்டைக் குதிரைக்கும் மட்டம் என்றுதான் பெயர். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் மட்டக்கம்பு. அணையில் நீர்மட்டம். ஆளை மட்டம் தட்டுவது. இப்படி நான்கு பக்கம்.

அந்த நான்கு பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆள் சொன்னவை, அல்லது அவரைப் பற்றியவை. அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. தோட்டத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மட்டக்காரர் என்றே சொன்னார்கள்.

சித்தூர்ப் பக்கம் நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த கொத்தனார் அவர். லயங்களைப் பழுதுபார்க்க ஆள் வேண்டியிருந்தது, 1974 ஆவணியில் மலையேறினார். லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஆறு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அவர் கையில் கரணை, தூக்குக்குண்டு எல்லாம் இருந்த சாக்குப்பை ஒன்று. தோளில் தனியாக ஒரு மஞ்சள் துணிப்பை. அதில் துண்டு சுற்றி ஒரு ரசமட்டம். முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கருத்த மரச்சட்டம், ஓரங்களில் பித்தளைத் தகடு, நடுவில் கண்ணாடிக் குழல், குழலுக்குள் பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி. ரசம் என்று பெயர் இருந்தாலும் அதில் பாதரசம் இல்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

வந்த இரண்டாம் நாள் விரல் நசுங்கிக் கட்டுப்போட மருந்தகத்துக்கு வந்தார். நான் மருந்து தடவிக்கொண்டிருக்க, அவர் கண் என் மேசையிலேயே இருந்தது.

"கம்பவுண்டருங்க, உங்க மேசை கெழக்க சாஞ்சிருக்குதுங்க."

"இருந்துட்டுப் போகட்டும். பாட்டில் ஒண்ணும் உருளலையே."

"பாட்டில் உருளாதுங்க. எழுதற கைதான் கெழக்க போகும்."

கட்டு முடிந்ததும் தீப்பெட்டி அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். துண்டைப் பிரித்து ரசமட்டத்தை மேசைமேல் வைத்து, குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போனார். அன்று மாலை பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் வரிகள் உண்மையாகவே வலப்பக்கம் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

எங்கே போனாலும் இப்படித்தான். தேநீர்க் கடை பெஞ்சு, பள்ளிக்கூடக் கரும்பலகை, கோயில் விளக்குமாடம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த மணைக்கு அடியில் கல் செருகியிருக்கிறார். பெண்ணின் தகப்பன் கோபித்துக்கொண்டு, "ஏன் அண்ணாச்சி, மாப்பிள்ளையே கோணல்தான், அவருக்கும் ஒரு கல்லு வைங்க" என்றான். பந்தலே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. அது தம் வேலை இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஆனால் ஃபாக்டரி வாட்ச்மேன் ஒருவர் இறந்தபோது நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. உடலைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருக்கையில் இவர் குனிந்து பெஞ்சின் கால்மாட்டில் ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகினார். இறந்தவரின் தம்பி சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான். வாசலில் நின்றபடி இவர் என்னிடம் சொன்னார்:

"ஏனுங்க, இனி அவரு எந்திரிச்சு வந்து சாயுதுன்னு சொல்லுவாருங்களா? நாமதான பாக்கோணும்."

அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த வார்த்தையால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கதை சொன்னார். நல்லேப்பிள்ளியில் அவர் வீட்டாருக்கு வயல் உண்டு. அண்ணன் தம்பிகள் உழுதார்கள், விதைத்தார்கள். இவருக்கு ஏர் பிடிக்க வரவில்லை. ஆனால் நடவுக்கு முன்னால் சேற்றைச் சமப்படுத்தும் பரம்படிப்புக்கு ஊரே இவரைத்தான் கூப்பிடும். தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து பார்ப்பாராம். எங்கே சேறு திட்டாகத் தெரிகிறது, எங்கே தண்ணீர் கருத்திருக்கிறது என்று பார்த்தே மேடு பள்ளம் சொல்லிவிடுவாராம்.

"மேட்டுல நிக்கற நாத்து என்ன பாவம் பண்ணுச்சுங்க? பள்ளத்துல நிக்கறதுக்கு எத்தன தண்ணியோ அதுக்கும் அத்தனதான். அதுக்குத்தானுங்க மட்டம்."

இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறேன். மட்டம் என்ற சொல்லுக்கு நான் கேட்டதிலேயே மேலான விளக்கம் அது என்று அப்போது நினைத்தேன்.

சிமெண்டுத் தரை போட்டு முடித்ததும் அவர் செய்யும் ஒரு காரியம் உண்டு. வீட்டுக்காரியிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பார். தரையின் நடுவில் மெல்ல ஊற்றுவார். தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் வட்டமாக நிற்கும். அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "சரிங்க" என்பார். அந்த 'சரிங்க' வந்த பிறகுதான் வேலை முடிந்ததென்று கணக்கு.

1976 சித்திரையில் ஏழாம் லயத்தின் பின்முற்றத்துக்கு சிமெண்டு போடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த லயம் மலையை வெட்டிக் கட்டியது. பின்னால் ஆள் உயரத்துக்கு மண்திட்டு. திட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே மூன்று எட்டு வைக்கும் அகலத்தில் சேறும் சகதியுமாக ஓர் இடம், அதில் சுவரிலிருந்து தள்ளி, திட்டை ஒட்டி ஓர் ஓடை. கூரைத் தண்ணீரும் திட்டிலிருந்து கசிகிற தண்ணீரும் அதில் ஓடிப் பள்ளத்தில் விழும். குடத்தோடு போகும் பெண்கள் அங்கே சறுக்கி விழுந்து, கை முறிந்து, என்னிடம் வருவார்கள். ஆகவே சிமெண்டு போடச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. மருந்தகப் பதிவேட்டைக் காட்டிக் கேட்டவன் நான்தான்.

மட்டக்காரர் பதினெட்டு நாள் வேலை செய்தார். ஓடையை மண்ணால் தூர்த்தார். ஆறு அறை நீளத்துக்கும் கண்ணாடிபோல் ஒரே மட்டமாகத் தரை போட்டார். பாதையிலிருந்து சேறு உள்ளே வராமலிருக்க இரண்டு முனையிலும் நான்கு விரல் உயரத்துக்குச் சின்னக் கட்டு எழுப்பினார். ஒரு முனையில் தண்ணீர் போகக் கையளவு துவாரம் விட்டார்.

முடித்த அன்று நான் போயிருந்தேன். தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் கடைசி அறையில் இருந்த செல்லத்தாய். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்துவிட்டார், ஒரே மகளைச் சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். கொழுந்தெடுப்பில் அவளுக்கு முன்னால் யாரும் போக முடியாது, பேச்சிலும் அப்படியே. தண்ணீர் வட்டமாக நின்றதை எல்லாப் பெண்களும் கூடிப் பார்த்தார்கள். செல்லத்தாய்தான் கேட்டாள்.

"சறுக்காம நடக்கலாம் அண்ணாச்சி, சரிதான். மழைத் தண்ணி எங்கன போகும்?"

"கடைசில ஓட்டை உட்டிருக்கறனுங்க அம்மிணி."

"அங்கன ஓட்டை இருக்குன்னு தண்ணிகிட்ட யாரு சொல்லுவா? நீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுருங்கியது.

"உங்குளுக்குச் சாஞ்ச தரைல நின்னு நின்னு பழகிப்போச்சுங்க. நேரா இருந்தா கண்ணுக்குக் கோணலாத் தெரியுது."

அவள் விடவில்லை. தன் மட்டக்கம்பை எடுத்துவந்தாள். கொழுந்தெடுக்கும்போது செடியின் தலையில் வைக்கும் மெல்லிய நீளக் கம்பு அது. அதற்கு மேலே நிற்கிற தளிரைத்தான் கிள்ள வேண்டும், கீழே கை போகக் கூடாது. லயத்துக்கு எதிரே இருந்த செடிகளின்மேல் கம்பை வைத்தாள்.

"இதுவும் மட்டந்தான். உங்க பெட்டிய இதுமேல வைங்க பாப்போம்."

அவர் ரசமட்டத்தைக் கம்பின்மேல் வைத்துப் பிடித்தார். குமிழி ஒரே ஓட்டமாக மேல் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஓடிருச்சு பாத்தீயளா? மலை எந்தப் பக்கம் சாயுதோ எங்க மட்டமும் அந்தப் பக்கந்தான் சாயும். மலைய நாங்க திருத்துததில்ல."

"அது செடிங்க. இது ஊடு."

அவ்வளவுதான் சொன்னார். ரசமட்டத்தைத் துடைத்துத் துண்டில் சுற்றினார். அன்றிரவு என் நோட்டில் இரண்டு மட்டங்களையும் அடுத்தடுத்து எழுதினேன். கொத்தனார் மட்டம் பூமியின் சாய்வைப் பொருட்படுத்தாதது. தேயிலை மட்டம் சாய்வோடு போவது. இப்படி ஒரு நல்ல குறிப்பு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அவள் கேட்ட கேள்வியை எழுதவில்லை.

ஆடியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள், திங்கட்கிழமை, ஏழாம் லயத்தில் ஒரு காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனவன் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். முற்றம் முழுக்கத் தண்ணீர். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அசையாமல் நின்றது. துவாரத்தில் இலை அடைத்திருந்தது. வழியில் மட்டக்காரரைக் கண்டு சொன்னேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உடனே கூட வந்தார்.

துவாரத்து இலையை எடுத்தார். தண்ணீர் அவசரமில்லாமல் கசிந்தது. பிறகு அவர் செய்ததை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து ஆள்காட்டி விரலைத் தரையில் ஊன்றினார். ஈரம் ஏறிய இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்தார். அங்கே அதே விரலை ஊன்றினார். திரும்பி என்னைப் பார்த்து, தோட்டத்துக்கு வந்த இரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவுங்க. ஒரு முடியளவுகூட வித்தியாசமில்லீங்க."

எனக்கும் அது அழகாகவே பட்டது. நோட்டை எடுத்து, குடைக்குள் வைத்து எழுதினேன். அடுப்படியிலிருந்து செல்லத்தாயின் குரல் கேட்டது.

"வயலு வெட்டியாச்சு. நாத்து எப்ப நடணும்னு சொல்லிட்டுப் போங்க."

அந்தத் தண்ணீர் சனிக்கிழமைவரை நின்றது. லயத்தின் பின்சுவர் கல்லும் சேறும் வைத்துக் கட்டியது, மேலே மட்டும் பூச்சு. ஐந்து நாள் அதன் கால் தண்ணீரில் ஊறியது. சனிக்கிழமை காலை, வேலைக்கு மணியடிக்கும் முன்னால், செல்லத்தாய் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கையில் அவள் அறையின் பின்சுவர் உட்கார்ந்தது. மற்ற அறைகளுக்கு விரிசலோடு போயிற்று. நான் ஓடிப்போனபோது மட்டக்காரர் ஏற்கெனவே அங்கே இருந்தார். கரணை கடப்பாரை எதுவும் இல்லாமல் இரண்டு கையாலும் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது. லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை சின்னதொரை விசாரணைக்கு வந்தார்; தோட்டத்தின் உதவி மேனேஜர், மலையாளி. காய அறிக்கை எழுத என்னையும் வரச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் ஆள் பேர் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருந்தால்தான் அறை. பேரை வெட்டினால் அறையும் போகும். விசாரணையில் தீரவேண்டியது அதுதான். சுவர் தானாக விழுந்ததா, தரையால் விழுந்ததா, இல்லை அவளால் விழுந்ததா? அவளால் என்றால் இடுப்பொடிந்தவளுக்குத் திரும்பிவர இடமில்லை.

அவள் அறைக்குப் பின்னால் மண்திட்டில் ஒரு மாடம் குடையப்பட்டிருந்தது. விறகு நனையாமல் வைக்க எல்லோரும் அப்படிக் குடைவார்கள். ஆறு அறைக்கும் ஆறு மாடம் இருந்தது எனக்குத் தெரியும். அன்று போனபோது ஐந்து மாடங்களை மண் வைத்து அடைத்து, மேலே புல் பதித்திருந்தார்கள். ஒன்று மட்டும் திறந்து கிடந்தது. அதை அடைக்க வேண்டியவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்து வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சின்னதொரை மாடத்தில் கைத்தடியை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு தரையைக் காட்டி, "இது ஆரு போட்டது?" என்று கேட்டார்.

"நானுங்க."

"லெவல் உண்டோ? வை, பாக்கட்டே."

மட்டக்காரர் துண்டைப் பிரித்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். சின்னதொரை குனிந்தார். ஃபீல்டு ஆபீசரும் குனிந்தார். நானும் குனிந்தேன். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே, அசையாமல் நின்றது. மூன்று இடத்தில் வைக்கச் சொன்னார். மூன்றிலும் அப்படியே.

"நல்ல பணி, மேஸ்திரி" என்றார் சின்னதொரை. "இந்த எஸ்டேட்டில் இது மாதிரி ஒரு தரை நான் கண்டிட்டில்ல."

மட்டக்காரர் வாய் திறந்தார். அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓடையைத் தூர்த்தது, முனைகளில் வரப்பு மாதிரிக் கட்டு வைத்தது, தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும்படி செய்தது, எல்லாம். அவர் என்னைப் பார்த்தார். என் சட்டைப்பையில் நோட்டு இருந்தது. அதில் திங்கட்கிழமைக் குறிப்பு இருந்தது. நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ரசமட்டத்தைத் துண்டில் சுற்றினார்.

திட்டைக் குடைந்ததால் மண் இளகிச் சுவர் விழுந்தது என்று எழுதினார்கள். செல்லத்தாயின் பேர் வெட்டப்பட்டது. அவள் சாமான்களை மருமகன் வந்து ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சாந்தன்பாறைக்குப் போனான்.

அதுவரை ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடாதவர் எட்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் மருந்தகத்துக்கு வந்தார். மேசையைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

"அன்னிக்கு மழைல என்னமோ எழுதுனீங்களே, அது இருக்குதுங்களா?"

"இருக்கு."

"ஆபீசுக்கு வாறீங்களா? நான் சொல்றனுங்க. நீங்க அதைக் காட்டுங்க, போதும். நான் மட்டும் சொன்னா, பொம்பளைக்காகப் பேசறான்னு போயிரும்."

மழை விடட்டும் என்றேன். சின்னதொரை இப்போது கோபமாக இருக்கிறார் என்றேன். திங்கட்கிழமை போவோம் என்றேன். என் குவார்ட்டர்ஸும் தோட்டத்துடையதுதான் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை என்பது எந்தத் திங்கட்கிழமை என்று கேட்கவில்லை.

தனியாகப் போனார். அங்கே நடந்ததை அட்டெண்டர் எனக்குச் சொன்னான். தரை மட்டமாக இருப்பதுதான் தப்பு என்று இவர் சொல்லியிருக்கிறார். மலையாளியான ஹெட் கிளார்க் சிரித்திருக்கிறார். "ஓய், தொரை கண்ணால கண்டதாக்கும். தொரைக்குக் கண்ணு தெரியாதுன்னு பறையுன்னோ?" என்று கேட்டிருக்கிறார். கோணலாகப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்ட கொத்தனாரைப் பார்த்திருக்கிறேன், நேராகப் போட்டுவிட்டுக் கேட்பவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இன்னொருவர் சொல்ல, ஆபீசே சேர்ந்து அவரை மட்டம் தட்டி அனுப்பியிருக்கிறது. அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாராம். பிறகு அந்தத் தரையை உடைத்து ஓடை வெட்ட உத்தரவு கேட்டாராம். கோப்பு மூடியாயிற்று என்றார்களாம்.

மறுநாள் நண்பகல், எல்லோரும் தேயிலைக் காட்டில் வேலையில் இருந்தபோது, ஏழாம் லயத்துப் பின்பக்கமிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. மாலையில் பார்த்தேன். பதினெட்டு நாள் போட்ட தரையைத் திட்டோரமாக முழு நீளத்துக்கும் உடைத்து, ஒன்றரைச் சாண் அகலத்தில் பழைய ஓடையைத் திறந்திருந்தார். முனைக் கட்டுகளை இடித்திருந்தார். தண்ணீர் சத்தத்தோடு பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தோட்டச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மருந்தக வாசலைத் தாண்டித்தான் நடந்து போனார். நான் உள்ளே இருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

1977 தையில் நான் சாந்தன்பாறைக்குப் போனேன். நோட்டைக் கொண்டு போயிருந்தேன். ஏலக்காட்டுக்குள் மகள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. செல்லத்தாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். மட்டக்காரரைப் பற்றி நான் கேட்கும் முன்னாலேயே சொன்னாள்.

"கொத்தனாரு வந்தாரு, புரட்டாசில. முற்றத்துல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. திட்டுவேன்னு நெனச்சாரு போல. எனக்குத் திட்ட வரல, இடுப்பு வலிச்சுது, உள்ள போயிட்டேன். வெளிய வந்து பாத்தா இன்னும் நிக்காரு."

"அப்புறம்?"

"வீட்டச் சுத்திப் பாத்தாரு. இங்கயும் பின்னால திட்டுதான. ஒரு குடம் தண்ணி கேட்டாரு. அந்த ரசமட்டத்த எடுப்பாருன்னு பாத்தேன், எடுக்கல. தண்ணிய ஊத்திட்டு அது பின்னாலேயே நடந்தாரு. அது வளைஞ்ச எடத்துல இவரும் வளைஞ்சாரு. மம்பட்டிய வாங்கி அந்த வழியிலயே வெட்டுனாரு. ரெண்டு நாளு. கஞ்சி குடிச்சாரு. போயிட்டாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். வீட்டின் பின்னால் ஓர் ஓடை வளைந்து வளைந்து போயிற்று. அவர் கையால் செய்த பொருள்களில் நேர்கோடே இல்லாத ஒன்றை நான் பார்த்தது அதுதான். திரும்பி வந்தபோது செல்லத்தாய் கேட்டாள்.

"அவரு எதுக்கு வந்தாருன்னு தெரிஞ்சுது. நீங்க எதுக்கு வந்தீய கம்பவுண்டரய்யா?"

நோட்டை எடுத்தேன். அன்றைக்கு எழுதியது என்னிடம் இருக்கிறது என்றேன். படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஆடி, திங்கட்கிழமை. ஏழாம் லயம், பின்முற்றம். நீர்மட்டம்: இரு முனையிலும் ஒரே அளவு. ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணு வரை."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

அவள் கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வரியின் அடியில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள்.

"கோணாம எழுதியிருக்கீய" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.